அவர்கள் தமிழ் படித்தார்கள்

சத்தியமங்கலத்தில் இரண்டு மொழி பேசுகிறவரை யாரும் பெரிய படிப்பாளி என்று சொல்வதில்லை. திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி முடித்தால் ஆசனூர், அதற்கப்பால் தாளவாடி. அங்கே பல வீடுகளில் பேச்சு கன்னடம். தாலுகா ஆபீசுக்கு எழுதும் மனு தமிழ். சத்தி பூ மார்க்கெட்டில் ஏலம் போகிற மல்லிகை மைசூருக்கும் பெங்களூருக்கும் ஏறும்போது, போனில் விலை பேசுகிற கன்னடமும் கூடவே ஏறுகிறது. வாங்குகிறவரின் மொழியில் பேசத் தெரிந்த வியாபாரிக்கு அன்றைய நிலவரத்தைத் தரகர் வந்து சொல்ல வேண்டியதில்லை. இந்த ஊர்க் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் தொலைவான ஒரு கேள்வியைப் பார்க்கலாம்: கொங்கு நாட்டு மாணவர் ஒருவர் பல்கலைக்கழகத்தில் ரஷ்ய மொழியை எடுத்துப் படிக்க என்ன காரணம் இருக்கிறது? வழக்கமாகச் சொல்லப்படுபவை டால்ஸ்டாய், ராணுவத் தளவாடம், மருத்துவ சீட்டு ஆகியவைதான். ஒவ்வொன்றிலும் உண்மை உண்டு, ஆனால் சொல்லப்படும் விதத்தில் எதுவும் முழுதாக நிற்காது. ரஷ்யாவோடு தமிழகம் மிக நெருக்கமாக இருந்த காலத்தில் நமக்கு அந்த மொழி தேவைப்படவே இல்லை. நெருக்கம் குறைந்த பிறகுதான் தேவை வந்திருக்கிறது. இங்கே நான் நிறுவ முயல்வது இதைத்தான்.

தேவைப்படாததற்குக் காரணம் எளிது. அவர்கள் தமிழ் படித்தார்கள். 1785இல் சென்னைக்கு வந்து இரண்டாண்டு தங்கிய ரஷ்ய இசைக் கலைஞர் கெராசிம் லெபெதெவ், பிறகு கல்கத்தா போய் 1795இல் வங்காளி நாடக மேடையைத் தொடங்கி வைத்தவர், தொடக்கப்புள்ளி. முறையான படிப்பு என்று பார்த்தால் 1914 முதல் 1918 வரை இலங்கையிலும் இந்தியாவிலும் அலைந்து திரிந்த மெர்வார்த் தம்பதியைச் சொல்ல வேண்டும். கணவர் அலெக்சாந்தர் மெர்வார்த் 1929இல் லெனின்கிராதில் பேச்சுத் தமிழுக்கு ஒரு இலக்கண நூல் வெளியிட்டார். நம் பண்டிதர்கள் பேச்சுத் தமிழை இலக்கணத்துக்கு உரியதாகவே மதிக்காத காலம் அது. அடுத்த ஆண்டே கைது செய்யப்பட்டு, 1932இல் முகாமில் இறந்துபோனார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஸ்டாலின் காலத்து ரஷ்யாவில் தமிழ் இலக்கணம் எழுதியவருக்கும் விலக்கு இல்லை. அவருக்குப் பின் ஒரு தலைமுறையே வந்தது. தன்னைச் செம்பியன் என்று அழைத்துக்கொண்ட செம்யோன் ரூதின், இன்னொரு ரஷ்ய அறிஞரான பியாதிகோர்ஸ்கியோடு சேர்ந்து 1960இல் தமிழ்–ரஷ்ய அகராதியைக் கொண்டுவந்தார். 1963இல் திருக்குறள் ரஷ்ய மொழியில் வந்தது. யூரி கிளாசவ் 1966இல் சிலப்பதிகாரத்தைத் தந்தார். மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பல்லாண்டு தமிழ் கற்பித்த அலெக்சாந்தர் துபியான்ஸ்கி சங்கக் கவிதையில் மூழ்கிக் கிடந்தவர். 2020 நவம்பரில் கொரோனாவுக்குப் பலியானார். மறுபக்கம் அரசின் பெரிய இயந்திரம் ஓடியது. மாஸ்கோ வானொலி தமிழில் பேசியது, 'சோவியத் நாடு' இதழ் தமிழில் வந்தது, முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகா பதிப்பகமும் தமிழ் மொழிபெயர்ப்பாளர்களை மாஸ்கோவுக்கே வரவழைத்துக் குடியமர்த்தின. 1951இல் தொடங்கிய நியூ செஞ்சுரி புத்தக நிறுவனம் வழியாக அந்தக் கெட்டி அட்டைப் புத்தகங்கள் சில ரூபாய்க்கு மாவட்டம்தோறும் போய்ச் சேர்ந்தன. இவ்வளவும் வீட்டு வாசலுக்கே வரும்போது யார் போய் ரஷ்ய மொழி படிப்பார்?

வாசலுக்கு வந்த சரக்கு நல்ல சரக்குதான், ஆனால் அனுப்புகிறவர் பொறுக்கி எடுத்த சரக்கு. கார்க்கி வந்தார், ஷோலகவ் வந்தார். அக்மதோவா ஸ்டாலின் காலக் கைதுகளைப் பற்றி எழுதிய கவிதைகள் வரவில்லை, சோல்ஷெனித்சின் வரவில்லை. வசீலி கிராஸ்மனின் 'வாழ்வும் விதியும்' நாவலின் கையெழுத்துப் பிரதியை 1961இல் ரகசியப் போலீஸ் தூக்கிக்கொண்டு போனது. ரஷ்யாவிலேயே 1988இல்தான் அது அச்சேறியது. அதாவது, தமிழகத்தில் ரஷ்ய இலக்கியத்தை உயிராக நேசித்த ஒரு தலைமுறை, அதன் பாதியைப் பார்க்காமலே நேசித்தது. அரசு இயந்திரத்துக்கு வெளியே நடந்த மொழிபெயர்ப்பில் வேறொரு தரகர் இருந்தார்: ஆங்கிலம். தொ.மு.சி. ரகுநாதனின் 'தாய்', டி.எஸ். சொக்கலிங்கத்தின் 'போரும் வாழ்வும்', எம்.ஏ. சுசீலாவின் 'குற்றமும் தண்டனையும்', 'அசடன்' எல்லாமே ஆங்கிலத்தைத் தொட்டுத்தான் தமிழுக்கு வந்தன. இவர்களின் உழைப்பைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. இவர்கள் இல்லாவிட்டால் நமக்கு ஒன்றுமே இருந்திருக்காது. ஆனாலும் வழியில் ஒன்று தொலைகிறது. ரஷ்ய மொழியில் 'தி' என்றால் நீ, 'வி' என்றால் நீங்கள். ஒரு காதலி வாய்தவறி நீங்களுக்குப் பதில் நீ என்று சொல்லிவிடுவதை வைத்தே புஷ்கின் 1828இல் ஒரு கவிதை எழுதியிருக்கிறார். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவருகிறவர், மூலத்தில் தெளிவாக இருந்து நடுவில் அழிந்துபோன அந்த வேறுபாட்டைத் தானே ஊகித்து மறுபடி போட வேண்டியிருக்கிறது. 'ஏனுங்க' என்பதற்கும் 'ஏண்டா' என்பதற்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று கொங்கு நாட்டில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தத் தூரத்தை ஊகத்துக்கு விடுவது இலக்கியத்தில் சின்ன விஷயமல்ல.

இலக்கியம் மட்டும்தான் காரணம் என்றால் இந்தக் கட்டுரை சில வாசகர்களோடு முடிந்துவிடும். தேயிலையைப் பார்ப்போம், அது பக்கத்து மலை. 1980களின் முடிவில் இந்தியா ஏற்றுமதி செய்த தேயிலையில் பாதிக்கு மேல் சோவியத் யூனியனுக்குப் போனது. அன்றைய ஏற்பாட்டில் டாலர் இல்லை, ரூபாயிலேயே கணக்கு. வாங்கியது அரசு நிறுவனம், ஒரே ஒரு பெரிய கொள்முதல்காரர். கோத்தகிரியிலோ குன்னூரிலோ இலை பறித்த சிறு விவசாயிக்கும், ஆலைக்காரருக்கும், மாஸ்கோவில் எந்த அங்காடியில் அந்தத் தேயிலை விற்றது, குடித்தவர் என்ன சொன்னார் என்று தெரிய வேண்டிய அவசியமே எழவில்லை. 1991இல் அந்த நாடே இல்லாமல் போனது. ரூபாய் வணிகமும் முடிந்தது. 1998 ஆகஸ்டில் ரூபிளும் சரிந்தது. ஒரு வாடிக்கையாளர் இருந்த இடத்தில் பல தனியார் இறக்குமதியாளர்கள் வந்தார்கள், அவர்களோடு பேச்சு, பேரம், சந்தைச் சுவை, பாக்கெட்டின் மேல் எழுதும் வாசகம் எல்லாம் ரஷ்ய மொழியில். இலங்கைத் தேயிலை அங்கே வேகமாக இடம்பிடித்தது. நீலகிரியில் பச்சைத் தேயிலை விலை விழுந்து 1990களின் கடைசியில் விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள். மொழி தெரியாததால்தான் விலை விழுந்தது என்று சொன்னால் அது பொய். அதிக உற்பத்தி, தரம், நாணயச் சரிவு என்று காரணங்கள் பல. ஆனால் இதிலிருந்து ஒரு விஷயம் தெளிவாகிறது. அரசும் அரசும் வணிகம் செய்யும்போது டெல்லியில் பத்து மொழிபெயர்ப்பாளர் இருந்தால் போதும். கடைக்காரரும் கடைக்காரரும் வணிகம் செய்யும்போது மொழி தெரிந்தவர் குன்னூரிலும் திருப்பூரிலும் இருக்க வேண்டும். அந்த மாற்றம் நடந்து முப்பது ஆண்டுக்கு மேலாகிறது. நாம் இன்னும் முதல் ஏற்பாட்டிலேயே இருப்பதுபோல் நடந்துகொள்கிறோம். 2024–25இல் இந்தியா–ரஷ்யா வணிகம் சுமார் 6,870 கோடி டாலர். அதில் நாம் விற்றது 490 கோடி டாலர் அளவுதான், மீதி பெரும்பாலும் நாம் வாங்கிய எண்ணெய். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 விழுக்காடு வரி போட்டபோது திருப்பூரில் வேறு சந்தை தேடும் பேச்சு எழுந்தது. வேறு சந்தை என்றால் வேறு மொழியும் என்பதை அந்தப் பேச்சோடு யாராவது சேர்த்துச் சொன்னால் நன்றாக இருக்கும்.

ராணுவக் காரணத்தைச் சீக்கிரம் தாண்டிவிடலாம். சூலூர் விமானப்படைத் தளத்தில் எம்ஐ-17 ஹெலிகாப்டரும் ஏஎன்-32 விமானமும் நிற்கின்றன, ஆவடியில் டி-90 டாங்கிகள் செய்யப்படுகின்றன. ஆகவே ரஷ்ய மொழிக்கு எதிர்காலம் உண்டு என்பார்கள். பாதுகாப்பு அமைச்சகம் தனக்கு வேண்டியவர்களைத் தயார்செய்ய டெல்லியில் சொந்தமாக அயல்மொழிப் பள்ளியே வைத்திருக்கிறது. அதோடு, இந்தியா இறக்குமதி செய்யும் ஆயுதத்தில் ரஷ்யாவின் பங்கு 2010–14இல் 72 விழுக்காடாக இருந்தது, 2020–24இல் 36 விழுக்காடாக இறங்கிவிட்டது என்கிறது ஸ்டாக்ஹோமின் சிப்ரி ஆய்வு நிறுவனம். பாதியாகக் குறைந்துவிட்ட ஒன்றைக் காட்டி மாணவரை ஒரு பாடத்துக்கு அழைப்பது நியாயமல்ல. கூடங்குளம் கொஞ்சம் வேறு வகை. 1988இல் ராஜீவும் கோர்பசேவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் பயனாக இரண்டு உலைகள் ஓடுகின்றன, மேலும் நான்கு எழும்புகின்றன. அணு உலை பல பத்தாண்டு ஓடும் இயந்திரம். அதைச் செய்தவர்களோடு பேச்சும் அத்தனை ஆண்டு நீளும். நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையம் சோவியத் உதவியோடு 1962இல் ஓடத் தொடங்கியதிலிருந்தே இந்த உறவு உண்டு. ஆனாலும் இது சில பத்துப் பேருக்கான வேலை. ஒரு பல்கலைக்கழகத் துறையின் அடித்தளம் ஆகாது.

மருத்துவப் படிப்புதான் இன்று ஊர் ஊராக ரஷ்ய மொழியைத் தொடும் இடம். ஈரோடு, கோபி, சத்தி பக்கம் பஸ் ஸ்டாண்டுச் சுவர் வரைக்கும் வெளிநாட்டு எம்.பி.பி.எஸ். விளம்பரம் வந்துவிட்டது. ரஷ்யா மட்டுமல்ல, கிர்கிஸ்தான், கசக்ஸ்தான், உஸ்பெகிஸ்தான் போகிறவர்களுக்கும் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் பல இடங்களில் ரஷ்ய மொழியும் கேட்கும். தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதிகள் 54 மாதப் படிப்பு, அதன்மேல் ஓராண்டு பயிற்சி, பாடமொழி ஆங்கிலம் என்று வரையறுக்கின்றன. பாடமொழி ஆங்கிலமாக இருக்கலாம். நோயாளியின் மொழி ஆங்கிலமல்ல. படுத்திருக்கும் பாட்டியிடம் 'க்தியே பலீத்?' என்று கேட்டால்தான் எங்கே வலிக்கிறது என்று அவர் சொல்வார். அவர் சொல்வது புரியாத மாணவர், நோயைப் புத்தகத்தில் படிக்கிறார், கட்டிலில் படிப்பதில்லை. நாடு திரும்பியவர்கள் எழுதும் தகுதித் தேர்வில் தேறுகிறவர்கள் பல அமர்வுகளில் ஐந்தில் ஒருவர், மிஞ்சிப்போனால் நால்வரில் ஒருவர். இதற்கும் மொழி ஒன்றே காரணம் என்று நான் வாதாடவில்லை. ஆறு வருஷமும் முப்பது நாற்பது லட்சமும் செலவழிக்கத் துணியும் குடும்பத்துக்கு, புறப்படுவதற்கு முன் ஊரிலேயே ஓராண்டு ரஷ்ய மொழி படிக்க வழி இல்லை என்பது மட்டும் விந்தையாகப் படுகிறது. இதைவிடக் கொடுமை இன்னொன்று. 2023 முதல் வேலை என்று நம்பிப் போன இந்திய இளைஞர்கள் சிலர் ரஷ்யப் படையில் சிக்கிப் போர்முனைக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்கள் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் அவர்களால் எழுத்துக்கூட்டிக்கூடப் படிக்க முடியாத எழுத்தில் இருந்தது. தரகரை நம்பிப் போவதன் விலை பூ மார்க்கெட்டில் கிலோவுக்கு நூறு ரூபாய், அங்கே உயிர்.

சரி, படிக்க முடிகிற மொழிதானா? ரஷ்யன் கடினம் என்ற பேச்சு ஆங்கிலேயர்களிடமிருந்து நமக்கு வந்தது. தமிழன் அதை அப்படியே வாங்கிக்கொள்ளத் தேவையில்லை. 'நான் மாணவன்' என்பதில் வினைச்சொல் கிடையாது. ரஷ்யனிலும் 'யா ஸ்துதியேன்த்', அவ்வளவுதான். 'எனக்குக் குளிருது' என்று நாம் சொல்வதை ஆங்கிலம் 'நான் குளிராக இருக்கிறேன்' என்று திருப்பிப் போடும். ரஷ்யனோ 'மின்யே ஹோலத்ன' என்று நம்மைப் போலவே நான்காம் வேற்றுமையில் நிற்கும். வயதுக்கும் அதே: 'எனக்கு இருபது வயது', 'மின்யே த்வாத்சத் லேத்'. 'என்னிடம் புத்தகம் இருக்கிறது' என்பது கிட்டத்தட்டச் சொல்லுக்குச் சொல் 'ஊ மின்யா யேஸ்த் க்னீகா'. 'பேனாவால்' என்பது அங்கும் ஒற்றைச் சொல், 'ரூச்கய்'. வேற்றுமை உருபு கடைசியில் ஒட்டிக்கொள்கிறது. இன்னும் நுட்பமான ஒன்று உண்டு. 'படம் பார்த்தேன்' என்று ஐ இல்லாமல் சொல்லலாம். 'தம்பி பார்த்தேன்' என்று சொன்னால் தம்பிதான் பார்த்தானோ என்று குழம்பும், 'தம்பியை' என்றே சொல்ல வேண்டும். ரஷ்யனிலும் மேசையைப் பார்த்தால் 'ஸ்தோல்' மாறாது, மாணவனைப் பார்த்தால் 'ஸ்துதியேன்தா' என்று மாறும். நாம் உயர்திணை, அஃறிணை என்று கோடு போடும் இடத்துக்குச் சற்றுத் தள்ளி அவர்கள் உயிருள்ளது, உயிரில்லாதது என்று போடுகிறார்கள். ஆங்கிலம் வழி பயில்கிறவர்கள் திணறும் வினை வகைகூட, 'படித்தேன்', 'படித்துவிட்டேன்' என்ற வித்தியாசத்தைத் தெரிந்தவனுக்கு முற்றிலும் அந்நியமல்ல. தடுமாற்றம் வரும் இடங்களும் உண்டு: மேசை ஆண், புத்தகம் பெண், சன்னல் இரண்டுமில்லை என்பதை மனப்பாடம்தான் செய்ய வேண்டும், நடந்து போவதற்கு ஒரு வினை, வண்டியில் போவதற்கு இன்னொன்று, சொல்லில் அழுத்தம் எங்கே விழும் என்பதற்கு விதி இல்லை. ஆக, இம்மொழியைத் தமிழ் வழியாகக் கற்பிக்க வேண்டும் என்பது உணர்ச்சிப் பேச்சல்ல, கற்பித்தல் சிக்கனம். இங்கே கிடைக்கும் பாடநூல்களோ பெரும்பாலும் ஆங்கிலம் பேசுகிறவர்களின் தடுமாற்றத்தை மனதில் வைத்து எழுதியவை.

அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு ரஷ்யன் கற்பிக்க 1,100 வகுப்பு மணி ஒதுக்குகிறது. நமக்கு ஒரு பங்கு குறைத்தே கணக்கிட்டாலும், மூன்று மாதச் சான்றிதழ் வகுப்பில் அது ஆகாது. கல்லூரியில் பகுதி ஒன்று மொழிப்பாடமாக வாரம் 6 மணி, ஆண்டுக்கு 30 வாரம் என்று வைத்தால் ஆண்டுக்கு 180 மணி. 1,100ஐ எட்ட ஆறு ஆண்டுக்குச் சற்று மேல் ஆகும். பல்கலைக்கழகம் ஏன் என்ற கேள்விக்கு இந்தப் பெருக்கலே பதில். கைபேசிச் செயலி வணக்கம் சொல்லக் கற்றுத்தரும்; ஒப்பந்தத்தின் ஏழாவது பிரிவைப் படிக்கக் கற்றுத்தராது. இயந்திர மொழிபெயர்ப்பு இருக்கிறதே என்பவர்களுக்கும் இதையே சொல்லலாம். சரக்கு ரசீதை அது செம்மையாகப் பெயர்க்கும். அது தவறும்போது தவறிற்று என்று சொல்ல ஒருவர் வேண்டும், அவர் அந்த மொழி படித்தவராக இருக்க வேண்டும். பத்துப் பேர் செய்த வேலையை இரண்டு பேர் செய்யலாம் என்பது சரி. அந்த இரண்டு பேரும் முன்னைவிட ஆழமாகப் படித்திருக்க வேண்டும்.

இவற்றைவிடக் கனமான மறுப்பு, உக்ரைன் மீது படையெடுத்த நாட்டின் மொழிக்கு இப்போது என்ன வக்காலத்து என்பது. இதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. ரஷ்ய அரசின் செலவில் நடக்கும் பண்பாட்டு நிகழ்ச்சிகள் மட்டுமே இங்கே ரஷ்யப் படிப்பாக இருந்தால் இந்த மறுப்பு முழுக்க சரி. ஆனால் மொழி ஓர் அரசின் பட்டா நிலமல்ல. ஜெலென்ஸ்கி வளர்ந்தது ரஷ்ய மொழியில். 2015இல் நோபல் பெற்ற பெலாரஸ்காரர் ஸ்வெத்லானா அலெக்சியேவிச் எழுதுவது ரஷ்ய மொழியில்; செர்னோபிலில் செத்தவர்களின் குடும்பத்தாரும் ஆப்கானிஸ்தானிலிருந்து பெட்டியில் திரும்பியவர்களின் தாய்மார்களும் பெரும்பாலும் அந்த மொழியில்தான் அவரிடம் பேசினார்கள். ஓர் அரசை நம்ப முடியாதபோதுதான், அது தன் மக்களிடம் என்ன சொல்கிறது என்று நேரடியாகக் கேட்கத் தெரிந்தவர்கள் அதிகம் தேவை. நாம் இப்போது மாஸ்கோவைப் பற்றி அறிவது லண்டன், நியூயார்க் செய்தி வழியாக, அல்லது மாஸ்கோவே ஆங்கிலத்தில் விடும் பிரசாரம் வழியாக. அன்றும் தரகர், இன்றும் தரகர்.

கோவையில் ஜெர்மனும் ஜப்பானியமும் படித்தால் உடனே வேலை, ரஷ்யனுக்கு அப்படி உண்டா என்று கேட்டால், இல்லை. எண்ணிக்கையில் அவற்றோடு போட்டி போட முடியாது, போட வேண்டியதும் இல்லை. ஆயிரம் பேர் ஜெர்மன் படிக்கும் ஊரில் ஆண்டுக்குப் பதினைந்து பேர் ரஷ்யன் படித்தால், அந்தப் பதினைந்து பேருக்குப் போட்டியும் பதினைந்து பேரோடுதான். 1968இலிருந்து இருமொழிக் கொள்கையோடு வாழும் மாநிலத்தில் இன்னொரு மொழியா என்பதும் குழப்பமான மறுப்பு. அந்தக் கொள்கை திணிப்பை எதிர்த்தது, விரும்பிப் படிப்பதை அல்ல. நம் கல்லூரிகளில் பிரெஞ்சு எடுப்பவர்கள் பலர் பாரிசை நினைத்து எடுப்பதில்லை, மதிப்பெண்ணை நினைத்து எடுக்கிறார்கள். அந்தக் கதி ரஷ்யனுக்கு வரக்கூடாது என்றால் அதைப் பகுதி ஒன்றில் தூவாமல், பாரதியார் பல்கலைக்கழகம் போன்ற ஓரிடத்தில் ஒரு சிறிய துறையாக வைப்பதே நல்லது. அதோடு பொருளியலோ மருத்துவ மொழிபெயர்ப்போ தமிழ் இலக்கியமோ ஒன்றைக் கட்டாயமாக இணைக்கலாம். மொழி மட்டும் தெரிந்தவரைவிட மொழியோடு தேயிலையும் தெரிந்தவருக்குக் குன்னூரில் நாற்காலி கிடைக்கும்.

அப்படி ஒரு துறை வந்தால் அதன் முதல் வேலை என்ன என்பதும் தயாராகவே இருக்கிறது. தமிழ்–ரஷ்ய அகராதி 1960இல் வந்தது, ரஷ்ய–தமிழ் அகராதி 1965இல் வந்தது. இரண்டும் மாஸ்கோவில், அங்குள்ளவர்கள் செய்தவை. அறுபது ஆண்டு பழைய அந்தப் பக்கங்களில் கூட்டுப்பண்ணைக்கும் ஐந்தாண்டுத் திட்டத்துக்கும் சொல் இருக்கும். கணினிக்கும், இணையத்துக்கும், பின்னலாடை ஆர்டருக்கும், மருத்துவ மாணவர் நிரப்பும் விசா விண்ணப்பத்துக்கும் இருக்காது. நான்கு பேர் உட்கார்ந்தால் ஏழெட்டு ஆண்டில் புதியது ஒன்று செய்யலாம். இந்த முறை அதைத் தமிழ் தெரிந்த ரஷ்யர்கள் செய்துதருவார்கள் என்று காத்திருக்க முடியாது. துபியான்ஸ்கியும் இப்போது இல்லை.